இருநூற்றெண்பது கிலோ எங்கிருந்து வந்தது?

ஒரே முகச்சாயல்

1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த லோட்டஸ் எலானையும், 1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி என்றே தோன்றும். இரண்டிலும் இரண்டே இருக்கைகள், மடித்து வைக்கும் கூரை, முன்பக்கம் என்ஜின், பின்சக்கர உந்துதல், தேவைப்படும்போது மட்டும் மேலெழும் முன்விளக்குகள். என்ஜின் கொள்ளளவிலும் பெரிய வேறுபாடு இல்லை. எலானுக்கு 1558 கன சென்டிமீட்டர், மாஸ்டாவுக்கு 1597. முன்னதன் திறன் 105 குதிரைத்திறன், பின்னதன் திறன் ஏறக்குறைய 115. மாஸ்டாவின் பொறியாளர்கள் எலானை முன்னே வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள் என்பது ஊரறிந்த செய்தி.

தராசில் ஏற்றினால் ஒற்றுமை குலைகிறது. எலானின் எடை சுமார் 680 கிலோ, மாஸ்டாவின் எடை சுமார் 960 கிலோ. இரண்டுக்கும் இடையே 27 ஆண்டுகள். அந்த இடைவெளியில் உலோகவியல் வளர்ந்தது, கணினி வந்தது, பிளாஸ்டிக் வகைகள் பெருகின. கார் இளைத்திருக்க வேண்டும். அது 280 கிலோ பருத்தது.

இந்த ஒப்பீடு மலேசியாவிலும் எழும். நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் மாவட்டத்தின் முக்கிம்களில் (உட்பிரிவுகளில்) ஒன்றான சி ரூசா, தெற்கே தெலுக் கெமாங் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையை ஒட்டியது. உட்பக்கம் திரும்பினால் சுவா பெத்தோங் போன்ற பழைய தோட்டங்கள். ரப்பர் நின்ற இடங்களில் இப்போது பெரும்பாலும் செம்பனை. வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து கடற்காற்று வாங்க வருகிறவர்களின் கார்களைச் சாலையோரத்திலிருந்து பார்க்கிறவருக்கு எழும் கேள்வி பழையது: பேர்போன ஐரோப்பிய விளையாட்டுக் கார் உசத்தியா, ஜப்பான்காரன் செய்தது உசத்தியா? விடை முழுவதும் அந்த 280 கிலோவில் அடங்கிவிடாது. ஆனால் விசாரணையைத் தொடங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. மலேசியருக்கு இது அயல்வீட்டு விவகாரமும் அல்ல. 1996 முதல் 2017 வரை லோட்டஸ் நிறுவனத்தின் உரிமை மலேசியாவின் கார் நிறுவனமான புரோட்டோனிடம்தான் இருந்தது.

எடையின் கணக்கு

முதல் சந்தேகம் உருவ அளவின் மேல் விழும். எலானின் நீளம் 3.68 மீட்டர், அகலம் 1.42 மீட்டர். மாஸ்டாவின் நீளம் 3.95 மீட்டரை ஒட்டியது, அகலம் 1.67 மீட்டர். மேலிருந்து பார்த்தால் எலான் மறைக்கும் தரை 5.2 சதுர மீட்டர், மாஸ்டா மறைக்கும் தரை 6.6 சதுர மீட்டர். இது கால் பங்குக்குச் சற்று மேலான பெருக்கம். எடையோ ஐந்தில் இரண்டு பங்கு கூடியிருக்கிறது. ஆகவே உருவம் பாதிக் காரணம் மட்டுமே.

மீதிப் பாதி கட்டுமானத்தில் இருக்கிறது. எலானுக்கு நடுவில் ஓர் எஃகு முதுகெலும்பு உண்டு. தகட்டை மடித்துச் செய்த அந்தப் பெட்டித் தண்டு இரு முனைகளிலும் கவையாகப் பிரிந்து என்ஜினையும் சக்கரத் தாங்கிகளையும் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் கவிழ்த்த மேலுடல் கண்ணாடியிழையால் ஆனது. லோட்டஸின் ரோன் ஹிக்மன் வடிவமைத்த இந்த ஏற்பாட்டை 1967-இல் வந்த டொயோட்டா 2000ஜிடி-யும் பின்பற்றியது. ஆசியக் கார்கள் ஐரோப்பாவிடம் பாடம் கேட்ட கதை மாஸ்டாவுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

முதுகெலும்புக் கார் இலேசானது, ஆனால் பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதினால் பயணியின் தோளுக்கும் அந்த வண்டிக்கும் இடையே இருப்பது மெல்லிய கண்ணாடியிழை. மாஸ்டாவின் உடல் முழுவதும் எஃகுத் தகட்டால் ஆன ஒற்றைக்கூடு, அதாவது தனிச் சட்டம் இல்லாமல் உடலே சுமை தாங்கும் அமைப்பு. கதவுக்குள் குறுக்குக் கம்பிகள், மோதலை வாங்கும் முன்பின் தாங்கிகள், புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி, துருத் தடுப்புப் பூச்சு, இரைச்சலைக் குறைக்கும் விரிப்புகள் எல்லாம் சேர்ந்தன. இவற்றில் பல அமெரிக்கச் சட்டங்கள் கேட்டவை. மாஸ்டா எடையைப் பற்றிக் கவலைப்படாமல் இல்லை. என்ஜின் மூடியை அலுமினியத்தில் செய்தார்கள். கியர்பெட்டியையும் பின் அச்சையும் இணைக்க ஓர் அலுமினியச் சட்டத்தைப் பூட்டினார்கள். அவ்வளவு சிக்கனம் பிடித்தும் 960 கிலோ வந்து நின்றது.

வேடிக்கை ஒன்று. அதே 1989-இல் லோட்டஸ் நிறுவனமும் எலான் என்ற பழைய பெயரில் புதிய கார் ஒன்றை வெளியிட்டது. அதற்கு முன்சக்கர உந்துதல், ஜப்பானின் இசுசு என்ஜின், எடையோ ஒரு டன்னுக்கு மேல். பழைய எலானுக்கு உண்மையான வாரிசு இங்கிலாந்தில் பிறக்காமல் ஹிரோஷிமாவில் பிறந்தது.

ஒரு வளைவு

எடை கூடினால் என்ன கெடும்? ஒரே ஒரு வளைவை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம். அதன் ஆரம் 50 மீட்டர் என்று கொள்ளலாம். வளைவை முழு வட்டமாக நீட்டினால் நடுப்புள்ளியிலிருந்து சாலை 50 மீட்டர் தள்ளி இருக்கும் என்பது பொருள். கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் அதற்குள் நுழைகிறது.

எந்தப் பொருளும் தானாக வளையாது. நேராகப் போகத் துடிக்கும் காரை யாராவது வட்டத்தின் நடுவை நோக்கி இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேகத்துக்கும் இந்த ஆரத்துக்கும் தேவைப்படும் இழுப்பு, காரின் எடையில் 57 விழுக்காடு. இருவர் அமர்ந்த எலான் 820 கிலோ இருக்கும். அதற்கு 465 கிலோ எடைக்கு ஈடான பக்க இழுப்பு வேண்டும். இருவர் அமர்ந்த மாஸ்டா 1,100 கிலோ. அதற்கு ஏறக்குறைய 625 கிலோ. இழுப்பவை நான்கு டயர்கள். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவுதான்.

இங்கே பிடிமான விகிதம் என்ற ஒன்று தேவைப்படுகிறது. டயர் தரக்கூடிய பக்க இழுப்பை அதன்மேல் அழுத்தும் சுமையால் வகுத்தால் கிடைப்பது அது. காய்ந்த சாலையில் இன்றைய நல்ல டயருக்கு இது 1-ஐ ஒட்டி இருக்கும். 1960-களின் டயருக்கு 0.8 என்று வைக்கலாம். நனைந்த சாலையில் 0.5 வரை இறங்கும். இந்த மூன்றையும் நம் வளைவில் போட்டுப் பார்த்தால் கார் வழுக்காமல் போகக்கூடிய உச்ச வேகம் முறையே மணிக்கு 80, 71, 56 கிலோமீட்டர்.

இந்தக் கணக்கில் காரின் எடை எங்கேயும் வரவில்லை. கார் கனத்தால் தேவைப்படும் இழுப்பு கூடுகிறது. டயரை அழுத்தும் சுமையும் அதே அளவு கூடுவதால் கிடைக்கும் இழுப்பும் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. கனமான வண்டி வளைவில் வெளியே தள்ளும் என்று காலங்காலமாகச் சொல்லப்படுவது, இந்த முதற்படிக் கணக்கில், பொய்யாகிப் போகிறது. 1962-இன் எலானுக்கு இன்றைய டயரை மாட்டினால் அதன் உச்ச வேகம் ஒரே மூச்சில் 71-இலிருந்து 80-க்கு ஏறும். கார்களை ஒப்பிடுவதாக நினைத்து டயர்களை ஒப்பிட்டுவிடும் பத்திரிகைச் சோதனைகள் ஏராளம்.

முதற்படிக்கு மேல்

உண்மையான டயர் அவ்வளவு நேர்மையானதல்ல. சுமை இருமடங்கானால் அதன் பிடி இருமடங்காவதில்லை, சற்றுக் குறைவாகவே கூடும். கணக்குக்காக ஒரு டயரை எடுத்துக்கொள்ளலாம். 100 கிலோ சுமையில் 105 கிலோ பக்க இழுப்பும், 200-இல் 200-உம், 300-இல் 279-உம் அது தருகிறது. நேராக நிற்கும்போது இடது, வலது டயர்கள் இரண்டும் தலா 200 கிலோ தாங்கினால் மொத்தப் பிடி 400. வளைவில் கார் வெளிப்பக்கம் சாய்கிறது. உள்டயரிலிருந்து 100 கிலோ வெளிடயருக்குப் போனால் பிடி 105-உம் 279-உம் சேர்ந்து 384 ஆகிறது. 16 கிலோ பிடி காற்றோடு போய்விட்டது.

இந்த இடமாற்றத்தைச் சுமைப்பெயர்ச்சி எனலாம். அதைக் குறைக்க இரண்டு வழிகள்: காரின் கனத்தைத் தரைக்கு அருகில் வைப்பது, சக்கரங்களை அகல வைப்பது. எலான் முதல் வழியில் போனது. அதற்குள் உட்கார்ந்தவர் கதவுக்கு வெளியே கையை நீட்டினால் தாரைத் தொடலாம். மாஸ்டா இரண்டு வழிகளையும் ஓரளவு கடைப்பிடித்தது. அதன் கூடுதல் 25 சென்டிமீட்டர் அகலம் இங்கே பயன் தருகிறது. டயரையும் அகலமாக்கலாம், பிற்கால ஆசியக் கார்கள் பெரும்பாலும் எடையின் கேட்டை அகலமான டயரால்தான் ஈடுகட்டின.

எடை தன் முகத்தை முழுதாகக் காட்டுவது வளைவின் நடுவில் அல்ல, வளைவுக்குள் நுழையும்போதும், ஒரு வளைவிலிருந்து எதிர்வளைவுக்குத் திரும்பும்போதும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் தன் அச்சில் சுழலத் தொடங்க வேண்டும். கனம் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக அது சுழலத் தயங்கும். பழைய போர்ஷே 911-இல் என்ஜின் பின்னச்சுக்கும் பின்னால் தொங்கியதால், சுழலத் தொடங்கிய வால் நிற்க மறுத்தது. எலானும் மாஸ்டாவும் என்ஜினை முன்னச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தன. 1990-இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் அதை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே, காரின் நடுவுக்கே கொண்டுபோனது. ஃபெராரி கார்களைக் குறிவைத்துச் செய்யப்பட்ட அந்தக் காரின் உடல் முழுவதும் அலுமினியம். எடையைப் பற்றி ஐரோப்பா சொன்னதை ஜப்பான் எவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டது என்பதற்கு அதுவே சாட்சி.

பிரேக்கில் எந்தச் சமாதானமும் எடுபடாது. மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் காரை நிறுத்தும்போது அதன் இயக்க ஆற்றல் முழுவதும் பெரும்பாலும் பிரேக் தட்டுகளில் வெப்பமாக இறங்குகிறது. இருவருடன் வரும் எலானை நிறுத்தும் வெப்பம், குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். மாஸ்டாவின் வெப்பத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வேண்டும். தொடர்ந்து பத்து வளைவுகள் வந்தால் இந்த வேறுபாடு பத்து முறை சேரும்.

ரப்பரும் மழையும்

எலான் விற்பனைக்கு வந்த ஆண்டுகளில் உலகின் இயற்கை ரப்பரில் மிகப் பெரிய பங்கை விளைவித்தது மலாயாதான். அந்த ரப்பர் பாலை வெட்டியவர்களில் கணிசமானவர்கள் நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பேராக் தோட்டங்களின் தமிழர்கள். ஆனாலும் காரின் டயர்த் தோலில் இயற்கை ரப்பருக்கு இடம் குறைவு. தரையைத் தொடும் மேல்தோலுக்குப் பெரும்பாலும் செயற்கை ரப்பரே போகிறது. ஈரச் சாலையில் அது கூடுதலாகப் பிடிக்கும், மெதுவாகத் தேயும். இயற்கை ரப்பர் ஆள்வது டயரின் பக்கச்சுவரிலும், லாரி, விமான டயர்களிலும், சக்கரத் தாங்கிகளின் மூட்டில் அமரும் புஷ்களிலும், என்ஜினைத் தாங்கும் திண்டுகளிலும். இலட்சக்கணக்கான தடவை நசுங்கி மீண்டாலும் வெடிக்காத குணம் அதற்கு உண்டு.

மழையில் பிடி எப்படி உண்டாகிறது என்பது தனிக் கதை. சாலையின் சொரசொரப்பு ரப்பரை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அழுத்தி விடுகிறது. அழுத்திய ரப்பர் உடனே மீளாமல் கொஞ்சம் தாமதித்தால் அந்தத் தாமதமே பிடியாகிறது. ஆனால் அதே தாமதம் சீராக ஓடும்போது எரிபொருளைத் தின்கிறது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று கெடும் இந்த இழுபறியைத் தளர்த்தும் முயற்சியில் ஒரு முக்கியமான அடி மலேசியாவின் காசில் நடந்தது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுக்கு அருகே மலேசிய ரப்பர் வாரியத்துக்குச் சொந்தமான துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம் இருக்கிறது. பாலின் மூலக்கூறுகளில் ஆக்சிஜனைப் புகுத்தி ஈரப்பிடியை உயர்த்திய மாற்று இயற்கை ரப்பர் அந்த ஆய்வு மரபிலிருந்து வந்தது.

மழையில் இலேசான கார் எப்போதும் மேல் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஆழமான நீரில் டயர் தண்ணீரைக் கிழிக்க முடியாமல் அதன்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும் வேகம், முக்கியமாக டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. தடம் தேய்ந்த டயருக்கான தோராயக் கணக்குப்படி 22 பவுண்டு அழுத்தத்தில் மணிக்கு 78 கிலோமீட்டரிலும், 32 பவுண்டு அழுத்தத்தில் 94-லும் மிதப்பு தொடங்கும். இலேசான காருக்குக் குறைந்த அழுத்தமே வைக்கப்படும். ஆகவே அது முந்தி மிதக்கும். எலானின் டயர் ஒடுக்கமானது என்பதால் ஓரளவு தப்பித்தது. இலேசான காரில் அகலமான டயரை மாட்டுவது மழைநாட்டுக்கு ஆகாத யோசனை. சி ரூசாவுக்கு வடக்கே, ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கும் சிப்பாங் பந்தயத் தளத்தில் 2009 ஏப்ரலில் ஃபார்முலா ஒன் பந்தயம் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 56 சுற்றில் 31 சுற்றோடு பாதிப் புள்ளி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உலகின் மிகச் சிறந்த மழை டயர்களாலும் மாலை மழையை அன்று வெல்ல முடியவில்லை.

என்ஜின் குடிக்கும் காற்று

ஆசிய என்ஜினுக்கும் பழைய ஐரோப்பிய என்ஜினுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே சோடியில் பார்த்துவிடலாம். 1961-இன் ஜாகுவார் இ-டைப்: 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், நிறுவனக் கணக்கில் 265 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 5,500 சுற்றில். 1999-இன் ஹோண்டா எஸ்2000: 2 லிட்டர், நான்கு சிலிண்டர், 240 குதிரைத்திறன், 8,300 சுற்றில். நான்கு வீச்சு என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவை நிரப்பும். கணக்கிட்டால் உச்சத் திறனில் ஜாகுவார் நிமிடத்துக்கு 10,450 லிட்டர் காற்றைக் குடிக்கிறது, ஹோண்டா 8,300 லிட்டர் குடிக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு குறைவான காற்றில் ஏறக்குறைய அதே வேலை. ஜாகுவாரின் 265 என்பது துணைக்கருவிகளைக் கழற்றி வைத்து அளந்த தாராளமான எண் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஹோண்டாவின் கெட்டிக்காரத்தனம் இன்னும் தெளிவாகும்.

அதன் இரகசியம் வால்வுகளில் இருக்கிறது. மெதுவாக ஓடும்போது வால்வு கொஞ்ச நேரம், கொஞ்ச உயரம் திறந்தால் போதும். வேகமாக ஓடும்போது காற்று நுழைய அவகாசம் இல்லாததால் நெடுநேரம், அகலமாகத் திறக்க வேண்டும். பழைய என்ஜின்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தோடு காலம் தள்ளின. ஹோண்டா ஒரே தண்டில் வால்வைத் தள்ளும் இரண்டு வித உந்துமேடுகளை வைத்து, குறிப்பிட்ட சுற்றைத் தாண்டியதும் எண்ணெய் அழுத்தத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவச் செய்தது. என்ஜின் கொள்ளளவைப் பார்த்து வரி போடும் நாட்டில் சின்ன என்ஜினை அதட்டி வேலை வாங்குவது இயல்பாக வளர்ந்த கலை. அதற்கு விலையும் உண்டு. குறைந்த சுற்றில் ஜாகுவார் தரும் முறுக்குவிசையை ஹோண்டாவால் கிட்ட நெருங்க முடியாது. நகர நெரிசலில் முன்னதை ஓட்டுவதே சுகம்.

வெப்ப நாட்டுக் கணக்கு இன்னொன்று. 33 பாகைச் சூட்டில், ஈரம் மிகுந்த கடற்கரைக் காற்று, 15 பாகை ஆங்கிலக் காற்றைவிட நூற்றுக்கு ஏழு பங்கு இலேசானது. எலானின் 105 குதிரைகளில் ஏழு, போர்ட்டிக்சன் நண்பகலில் இலாயத்தை விட்டு வெளியே வராது. மாஸ்டாவுக்கும் அதே கதி என்றாலும், உள்ளே வரும் காற்றை அது அளந்து அதற்கேற்ற பெட்ரோலைத் தெளிக்கும். எலானின் வெபர் கார்புரேட்டர்களுக்கு அந்த அறிவு இல்லை. காற்று இலேசானாலும் பெட்ரோலை முன்போலவே ஊற்றும். பெட்ரோல் போகும் துளையான ஜெட்டை மாற்றிச் சரிக்கட்ட வேண்டியது பட்டறைக்காரரின் பொறுப்பு.

சராசரியும் சிதறலும்

எலானின் என்ஜினில் நீரேற்றி தனியே கழலாது. அது என்ஜினின் முன்மூடியோடு சேர்ந்து அமைந்திருந்ததால், அதைச் சரிசெய்ய மேல்தலையைக் கழற்ற வேண்டிவரும். பின்சக்கரங்களுக்கு உந்துதலைக் கடத்தும் தண்டுகளில் ரப்பர் வளையங்கள் இருந்தன. கிளட்சை விட்டதும் அவை முறுகிச் சேர்த்த விசையை ஒரு நொடி கழித்து விடுவிக்க, கார் முயல்போல் துள்ளும். வெயிலில் அந்த வளையங்கள் வெடிக்கும். மேதைகள் வடிவமைத்து, சிறு ஆலையில் கைவேலையாகப் பூட்டிய கார் அது. வரியை மிச்சம் பிடிக்கப் பாகங்களாகவே வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஓர் எலான் இன்னோர் எலானைப் போல இருந்தால் அது தற்செயல்.

ஜப்பானின் வலிமை வேறிடத்திலிருந்து வந்தது. 1950-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் அங்கே ஆற்றிய உரைகளின் சாரம் எளியது: ஒரு பாகத்தின் சராசரி அளவு சரியாக இருந்தால் போதாது, ஒவ்வொரு பாகமும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பதைக் குறைக்க வேண்டும். தண்டும் துளையும் ஆயிரத்தில் ஒருமுறைகூடத் தவறாமல் பொருந்தினால்தான் என்ஜினை நிமிடத்துக்கு 9,000 சுற்று சுழற்ற முடியும். ஹோண்டாவின் அந்த உச்சத்தில் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. ஜாகுவாரின் பிஸ்டன் தன் உச்சத் திறனில் 19 மீட்டர். எலான் ஏறக்குறைய 12,000 விற்றது. எம்எக்ஸ்-5 உற்பத்தி 2016-இல் பத்து இலட்சத்தைத் தொட்டது. சிதறலை அடக்காமல் அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது.

ஹெத்தெலும் ஷா ஆலாமும்

1985-இல் மிட்சுபிஷியின் துணையோடு சாகா காரை வெளியிட்ட புரோட்டோன், 1996-இல் லோட்டஸின் பெரும்பங்கை வாங்கியபோது கையில் ஒரு வினோதக் கலவை சேர்ந்தது: ஜப்பானிய என்ஜின், ஆங்கில ஓட்டக்கலை, ஷா ஆலாமில் தன் ஆலை. அதன் முதல் நல்ல விளைச்சல் 1998-இல் வந்த சத்ரியா ஜிடிஐ. அடித்தளமும் 1.8 லிட்டர் என்ஜினும் மிட்சுபிஷியுடையவை. திறன் சுமார் 140 குதிரைத்திறன். நார்ஃபோக் மாவட்டத்து ஹெத்தெலில் உள்ள லோட்டஸ் பொறியாளர்கள் அதன் சுருள்வில், அதிர்வடக்கி, புஷ் ஆகியவற்றைத் திருத்தினார்கள். காரின் ஓட்டம் லோட்டஸின் கைவேலை என்று சொல்லும் சிறு முத்திரையும் அதில் ஒட்டப்பட்டது.

அந்தத் திருத்தம் வெறும் இறுக்கிக் கட்டுதல் அல்ல. பொதுவாக விளையாட்டுக் கார் என்றால் சுருள்வில்லைக் கல்லாக்கிவிடுவார்கள். லோட்டஸ் மரபு எலான் காலத்திலிருந்தே வேறு: சுருள்வில் மென்மையாக இருக்கட்டும், அதிர்வடக்கி உறுதியாக இருக்கட்டும். மேடுபள்ளத்தில் துள்ளாமல் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் டயரின் சுமை ஏறி இறங்காது. சுமை ஏறி இறங்கினால் மேலே கண்ட 16 கிலோக் கணக்குப்போலப் பிடி கசியும். செம்பனை லாரிகள் குழிபறித்த தோட்டச் சாலையில் இந்தப் பாடம் பந்தயத் தளத்தைவிட நன்றாகப் புரியும். புஷ்களில் ஒரு நுணுக்கம் உண்டு. ரப்பருக்குள் ஒரு பக்கம் மட்டும் வெற்றிடம் விட்டு வார்த்தால், முன்பின்னாக மென்மையாகவும் பக்கவாட்டில் விறைப்பாகவும் இருக்கும். குழியின் அடியை விழுங்கும், ஸ்டீயரிங்கைக் குழப்பாது. இன்னும் அதிகக் காசு செலவழித்துச் செய்த கார்களிலும் இல்லாத நயம் சத்ரியாவில் இருந்ததற்கு இத்தகைய விலை குறைந்த சங்கதிகளே காரணம்.

மறுபக்கமும் பண்டமாற்று நடந்தது. 1995-இல் காட்டப்பட்ட லோட்டஸ் எலிஸ், அலுமினியச் சட்டங்களைப் பற்றவைக்காமல் எபாக்சிப் பசையால் ஒட்டிச் செய்த கார். சட்டத்தின் எடை 68 கிலோ மட்டுமே, முழுக் காரும் 725 கிலோ. முதலில் அதில் இருந்தது பிரிட்டனின் ரோவர் என்ஜின். 2004-இல் டொயோட்டாவின் 1.8 லிட்டர் என்ஜின் வந்தது. ஹோண்டாவைப் போலவே இரட்டை உந்துமேடு கொண்ட அது 7,800 சுற்றில் 189 குதிரைத்திறன் தந்தது. எடை அதற்குள் 860 கிலோவாகிவிட்டது. ஒன்பதே ஆண்டில் 135 கிலோ. எலானிலிருந்து மாஸ்டாவுக்கு நேர்ந்ததே, அதே காரணங்களுக்காக, மறுபடி நேர்ந்தது. ஆனால் அந்தக் காரை ஐரோப்பியக் கார் என்பதா, ஆசியக் கார் என்பதா? சட்டம் ஹெத்தெலில், என்ஜின் ஜப்பானில், உரிமை மலேசியாவில்.

2017-இல் புரோட்டோனின் 49.9 விழுக்காடும் லோட்டஸின் 51 விழுக்காடும் சீனாவின் ஜீலி நிறுவனத்துக்குப் போயின. எலிஸ் உற்பத்தி 2021-இல் நின்றது. லோட்டஸ் பெயரில் சீனாவின் வூஹானில் இப்போது தயாராகும் எலெட்ரே என்ற மின்சாரக் காரின் எடை ஏறக்குறைய இரண்டரை டன். மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து அதை நிறுத்தும் ஆற்றல் மூன்று லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். மின்கலம் அதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. 2015-இல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் மிக இலேசான ஜப்பானிய வகை 990 கிலோ. 26 ஆண்டுகளில், காற்றுப்பைகளும் கணினிகளும் சேர்ந்த பிறகும், அதன் எடையில் கூடியது 30 கிலோ மட்டுமே.